பார்த்தீனியத்தைப் பிடுங்கினால் போதுமா?

போன ஆடி மாதம் எங்கள் ஊர் இயற்கை விவசாயிகள் இருபது பேர் சேர்ந்து வாய்க்கால் கரையில் பார்த்தீனியம் பிடுங்கினோம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பத்து மணிக்குள் முக்கால் கிலோமீட்டர் தூரம் கரை சுத்தமாகிவிட்டது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பாராட்டுகள் வந்தன. டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். ஏற்பாடு செய்தவன் நான்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசி மழை விழுந்து இருபது நாள் கழித்து அதே கரையில் நடந்து போனேன். முன்பு பார்த்தீனியத்துக்கு இடையில் அருகும் துத்தியும் அங்கங்கே இருந்தன. இப்போது கரை முழுக்க பார்த்தீனியக் கன்று மட்டும்தான். கால் வைக்க இடமில்லை. நாங்கள் கொத்திக் கிளறிய இடத்தில்தான் அடர்த்தி அதிகம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு நண்பர் சொன்னார்: “இதுக்கு மட்டும் ஒரு தடவை களைக்கொல்லி அடிச்சறலாமுங்க. வயலுக்குள்ள இல்லீங்களே, கரையிலதானுங்களே.” இன்னொருவர் எழுந்து, “இயற்கையில வேண்டாததுன்னு ஒண்ணுமே இல்லீங்க. அதும்பாட்டுக்கு இருக்கட்டும். வேணும்னா வெட்டி உரமாக்கிக்கலாம்” என்றார். இருவருமே நல்ல விவசாயிகள், என்னைவிட அனுபவம் உள்ளவர்கள். ஆனால் இருவர் சொன்னதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தப்பு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கம் எங்களுக்குப் பூர்வீகமாக நாலு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடு என்றால் கொங்குப் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் செம்மறியும் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். உழவு கிடையாது. ஒரு பக்கம் மேய்ந்து முடிந்தால் அடுத்த பக்கம் மாற்றிக் கட்டுவார்கள்.

வங்கி வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்று வந்தபோது எனக்கு அந்த நிலம் ‘சும்மா கிடக்கிற நிலம்’ மாதிரித் தெரிந்தது. ஜேசிபி வைத்து ஒரு பக்கக் கிளுவை வேலியைப் பிடுங்கினேன். புல்லைச் சுரண்டி மேடு பள்ளம் சமப்படுத்தினேன். நிலம் துடைத்து வைத்த மாதிரி ஆனது. கிணறு வெட்டி, சொட்டு நீர் போட்டு, தென்னையும் காய்கறியும் வைக்கத் திட்டம். பணம் புரட்டுவதில் தாமதமாகி ஆறு மாதம் அப்படியே கிடந்தது. மழை வந்தது. நாலு ஏக்கரில் சமப்படுத்தின இரண்டு ஏக்கரும் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. தொடாத இரண்டு ஏக்கரில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது, அதுவும் மாட்டுத் தடத்திலும் கேட்டு ஓரத்திலும் மட்டும்.

ஒரே மண், ஒரே மழை, நடுவில் நான் இழுத்த ஒரு கோடு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “புண்ணைத் திறந்து வெச்சா ஈ மொய்க்கத்தானுங்க செய்யும்.”

அதற்கடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. பூத்து நின்ற செடியைப் பிடுங்க நாலு பெண்களைக் கூலிக்குக் கூப்பிட்டேன். கையுறை, முகத்துணி எதுவும் தரவில்லை. களை எடுக்கத்தானே, இதிலென்ன என்று நினைச்சேன். மூணாவது நாள் அதில் ஒரு அம்மாவுக்குக் கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. தோல் டாக்டரிடம் கூட்டிப் போனோம். பார்த்தீனிய ஒவ்வாமை என்றார். மருந்துக்கு அடங்கியது, ஆனால் செடி பூத்திருக்கிற பக்கம் போனாலே திரும்ப வருகிறது. கிராமத்தில் பார்த்தீனியம் இல்லாத களை வேலை எங்கே இருக்கிறது? அந்தம்மா காட்டு வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். போன வருமானத்தை யார் கொடுப்பது? என்னிடம் அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எங்கிருந்து வந்தது?

பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பிறந்த இடம் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள வெப்ப அமெரிக்கப் பகுதி. வடக்கே இதைக் ‘காங்கிரஸ் புல்’ என்றும், இலை கேரட் இலை மாதிரி இருப்பதால் ‘கேரட் புல்’ என்றும் சொல்வார்கள். புனேயில் பார்க்கப்பட்டு 1956-இல் அறிவியல் இதழில் பதிவானது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமையோடு சேர்ந்து வந்தது என்று நம் மேடைகளில் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பி.எல். 480-இல் இந்தியா கையெழுத்துப் போட்டது 1956 ஆகஸ்டில். செடியை அதற்கு முந்தின வருஷமே பார்த்துவிட்டார்கள். 1951-இலேயே அமெரிக்கக் கடனில் நமக்குக் கோதுமை வந்திருக்கிறது. அந்தக் கப்பலில் வந்திருக்கலாம். எதில் வந்தது என்பதைவிட, வந்த பிறகு எப்படி நாடு முழுக்கப் பரவியது என்பதுதான் நமக்கு முக்கியம்.

வெளிநாட்டுச் செடி என்பதாலேயே அது கெட்டது என்று சொல்லிவிட முடியாது. நாம் எண்ணெய் ஆட்டுகிற சூரியகாந்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. காய்கறிக்கு நடுவில் பொறிப்பயிராக வைக்கிற துலுக்கச் சாமந்தி மெக்சிகோக்காரர். அடிபட்டால் கசக்கிப் பிழிகிற வெட்டுக்காயப் பூண்டும் வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். எல்லாம் ஒரே குடும்பம். வந்து நம்மோடு ஒத்துப் போய்விட்டன. பார்த்தீனியம் ஒத்துப் போகவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, விதை. ஒவ்வொரு குட்டிப் பூக்கொத்திலும் ஐந்து விதை. நன்றாக வளர்ந்த ஒரு செடி பதினைந்தாயிரம், இருபதாயிரம் விதை வரைக்கும் உதிர்க்கும். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் பூவெடுத்துவிடும். ஈரம் இருந்தால் வருஷத்தில் மூன்று நாலு தலைமுறை. இரண்டு, நஞ்சு. ‘பார்த்தெனின்’ என்கிற பொருள் செடி முழுவதும் இருக்கிறது. தோல் தடிப்பு, தும்மல், இளைப்பு எல்லாம் வரும். மாடு வேறு வழியில்லாமல் தின்றால் பால் கசக்கும். பக்கத்துச் செடிகளின் முளைப்பையும் அது அடக்கும். மூன்று, அதன் எதிரிகள் அதன் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டன.

இவ்வளவு இருந்தும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அடர்ந்த புல்லுக்குள்ளும், நல்ல நிழலுக்குள்ளும் அதன் கன்று எழுந்து வர முடியாது. மண்ணின் மேல்பரப்பில் வெளிச்சமும் இடமும் கிடைத்தால்தான் கொண்டாட்டம். அது எங்கெல்லாம் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரோட்டோரம், ரயில் பாதை, சைட் போட்டு விற்காமல் கிடக்கிற மனைகள், தூர் வாரிய வாய்க்கால் கரை, குப்பை மேடு, தரிசாகப் போட்ட வயல், அளவுக்கு மீறி மேய்ந்த புறம்போக்கு. எல்லாமே மனுஷன் கை வைத்து மண்ணைத் திறந்து போட்ட இடங்கள்.

களைக்கொல்லி நண்பருக்கு

‘கரையில்தானே’ என்கிறார் நண்பர். கரையில் அடித்தது வாய்க்கால் தண்ணீரில் இறங்கி யாருடைய வயலுக்குப் போகும் என்பது அவருக்கே தெரியும். 2022 அக்டோபரில் மத்திய அரசே கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும், அந்த மருந்து வேலையே செய்யாது என்பதுதான் என் வாதம். அது பச்சையாக இருக்கிற எல்லாவற்றையும் கருக்கும். பார்த்தீனியத்தோடு அருகும் போகும், துத்தியும் போகும். மண்ணில் கிடக்கிற விதையை அது தொடாது. ஆக மழைக்குப் பிறகு மிச்சம் இருப்பது வெற்று மண்ணும் பார்த்தீனிய விதையும். அதற்கு இதைவிட நல்ல நாற்றங்காலை நாம் போட்டுத் தர முடியாது.

உப்புக் கரைசலும் இப்படித்தான். லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்று பரிந்துரை இருக்கிறது. செடி கருகும், உண்மை. ஆனால் நம் மாதிரி மழை குறைந்த, சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் திரும்பத் திரும்ப உப்பைக் கொட்டினால் அங்கே வேறு எதுவும் எழுந்து வராது. கட்டட ஓரத்துக்கு வேண்டுமானால் சரி. நாம் உயிர் கொடுக்க நினைக்கிற மண்ணுக்குச் சரியில்லை.

‘இருக்கட்டும்’ என்ற நண்பருக்கு

இயற்கையில் எல்லாவற்றுக்கும் இடமுண்டு, ஒத்துக்கொள்கிறேன். பார்த்தீனியத்துக்கான இடத்தை நாம்தான் இவ்வளவு பெரிதாக ஆக்கியிருக்கிறோம். அதை அப்படியே விடுவது இயற்கை வழி ஆகாது. அந்த இரண்டு ஏக்கரை நான் சும்மா விட்டிருந்தால் பாதிக்கப்படுவது நான் இல்லை. அங்கே கூலிக்கு வருகிறவர்களும், மேய்கிற மாடும்தான்.

உரமாக்குவது நல்ல யோசனை. ஆனால் பூக்கும் முன் பிடுங்கியதை மட்டும். மூடாக்காகவும் போடலாம், குழியில் சாணத்தோடு அடுக்கி மட்க வைக்கவும் செய்யலாம். பூத்து விதை பிடித்த செடியை நம் குப்பைக் குழியில் போட்டால், குழி முழுக்க ஒரே சீராகச் சூடேறாது. ஓரத்திலும் மேலேயும் விதை உயிரோடு இருக்கும். அந்த எருவை வயலில் இறைக்கும்போது விதைப்பை நாமே செய்து முடிக்கிறோம். என் காய்கறிப் பாத்திக்கு அது வந்த வழியும் இதுதான்: வெளியிலிருந்து வாங்கின ஒரு லோடு எரு. அறுவடை மெஷின் சக்கரத்தில் ஒட்டிய சேறு, கிராவல் மண், நர்சரி நாற்றுப் பை, வாய்க்கால் தண்ணீர் எல்லாமே அதற்கு வண்டிதான். வாங்குகிற எருவை ஒரு மாதம் தனியாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு வயலுக்குள் விடுங்கள்.

நமக்கு ஒரு கூட்டாளியும் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து கொண்டு வந்து சோதித்து, 1984-இல் பெங்களூருவில் விடப்பட்ட ஒரு வண்டு. வெளிறிய இறக்கையில் கரும்பழுப்பு நிறத்தில் வளைந்த கோடுகள் இருக்கும். வண்டும் புழுவும் பார்த்தீனிய இலையைத் தின்னும். 1990-களின் தொடக்கத்தில் இது சூரியகாந்தியையும் தின்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பி, நிபுணர் குழு ஆராய்ந்து, பயப்பட வேண்டியதில்லை என்று முடிவானது. மழைக்காலத்தில் பரபரப்பாக இருக்கும். வறண்ட காலத்தில் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். அதனால் வண்டு மட்டுமே வேலையை முடித்துவிடாது. ஆனால் பூச்சிமருந்து அடிக்காத நம் தோட்டங்கள்தான் அதற்குப் பாதுகாப்பான வீடு. பார்த்தீனியத்தில் வண்டைப் பார்த்தால் ‘பூச்சி வந்துடுச்சு’ என்று நசுக்கிவிடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னதை நாம் வயலுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டோம். வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, பாதை ஓரம் இங்கெல்லாம் இன்னும் மண்வெட்டியால் சுரண்டி ‘சுத்தமாக’ வைத்திருக்கிறோம். அந்தச் சுத்தத்தைத்தான் நாம் விட வேண்டும். பிடுங்குகிற அன்றைக்கே வேறொன்றை விதைக்காவிட்டால் பிடுங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

என் அனுபவத்தில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

பிடுங்கும் நேரம்: மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில், இலை தரையோடு படர்ந்திருக்கும்போது, ஈர மண்ணில் வேரோடு. மேலோடு வெட்டினால் அடியிலிருந்து நாலு கிளை வெடித்து இன்னும் சீக்கிரம் பூக்கும். பூத்த பிறகு பிடுங்குவது செலவும் ஆபத்தும்.

பாதுகாப்பு: கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துணி இல்லாமல் ஒருவரையும் இறக்காதீர்கள். தோல் ஒவ்வாமை, இளைப்பு உள்ளவர்களை இந்த வேலைக்கே கூப்பிடாதீர்கள். கையுறை ஒரு ஜோடி என்ன விலை? ரசாயனம் இல்லாத காய்கறி என்று சொல்லி விற்கிற நாம், அதை விளைவிக்கிறவர் உடம்பை மறந்துவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை.

விதைப்பு: கொழுஞ்சி, ஆவாரை, ஊசித்தகரை, துத்தி, கொழுக்கட்டைப் புல். கொழுஞ்சியை மாடு ஆடு அவ்வளவாகத் தொடாது, வறட்சி தாங்கும், ஒருமுறை நிலைத்துவிட்டால் தானே விழுந்து முளைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். விதையின் தோல் கெட்டி. அப்படியே தூவினால் முளைப்பு குறைவு. மணலோடு சேர்த்து நன்றாக உரசுங்கள், அல்லது 55 டிகிரி சூட்டுத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்துத் தூவுங்கள். வயலுக்குள் என்றால் பலதானியம் அல்லது சணப்பு. பயிர் இல்லாத மாதத்திலும் மண்ணை வெயிலுக்குக் காட்டாதீர்கள்.

வேலி: கிளுவைப் போத்து நட்டுப் பழைய வேலியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். காற்றில் வருவதும் ஆடு மாடு வரைமுறையில்லாமல் புகுவதும் குறைந்திருக்கிறது.

இப்போது ஐந்தாவது வருஷம். அந்த இரண்டு ஏக்கரில் பார்த்தீனியம் அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. மண்ணுக்குள் புதைந்த விதை பல வருஷம் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கூடை பிடுங்குகிறேன், முன்பு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினேன். ஒன்று புரிகிறது: திறந்த மண் உடனே கடனாக மாறிவிடுகிறது, அடைக்க வருஷக்கணக்காகிறது. அன்றைக்கு ஜேசிபி வேலை இரண்டே நாள்.

ஊர்ப் பொறுப்பு

என் வேலிக்குள் நான் எவ்வளவு செய்தாலும், வாய்க்காலும் ரோடும் ஊர்ப் பொது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி நிறுவனம் இதை முன்னெடுக்கிறது. வடக்கே மழைக்காலத்துக்கு அது பொருத்தம். நம் கொங்கு மானாவாரிப் பகுதிக்கு முக்கிய மழை ஐப்பசியில். அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வைத்து, விதை சேகரித்து, அக்டோபர் 2 கிராம சபைக்குள் விதைப்பு முடிந்திருக்க வேண்டும். தீர்மானத்தில் மூன்றே விஷயம் போதும். வாய்க்கால் தூர் வாரினாலும் ரோடு போட்டாலும் அந்தக் கரையிலும் ஓரத்திலும் புல்லோ கொழுஞ்சியோ விதைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. விற்காமல் கிடக்கிற மனைகளைப் பூக்குமுன் பராமரிப்பது மனைக்காரர் பொறுப்பு. பஞ்சாயத்துக்காகப் பிடுங்குகிற எல்லோருக்கும் கையுறையும் முகத்துணியும்.

சட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: பக்கத்துக் கர்நாடகத்தில் 1975-இலேயே இதைத் தீங்கான களை என்று சட்டப்படி அறிவித்தார்கள். ஓசூர் தாண்டிப் போய் ரோட்டோரம் பாருங்கள். மண்ணை மூடாமல் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

எங்கள் குழுவில் என் யோசனையை வைத்தேன். களைக்கொல்லி நண்பர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “சரிங்க சார், ஒரு வருஷம் பார்க்கலாமுங்க, இல்லாட்டி நான் சொன்னதுதான்” என்றிருக்கிறார். நியாயமான பேச்சு. இந்தப் புரட்டாசியில் அதே முக்கால் கிலோமீட்டர் கரையில் பாதியில் கொழுஞ்சியும் கொழுக்கட்டைப் புல்லும் விதைக்கிறோம். மீதிப் பாதியைப் பழையபடி பிடுங்க மட்டும் செய்கிறோம். இரண்டையும் எல்லோரும் வந்து பார்க்கட்டும். விதை உரசிக் கொடுக்கிற வேலையை, காட்டு வேலையை நிறுத்திய அந்தம்மா வீட்டிலிருந்தே செய்து தர ஒத்துக்கொண்டிருக்கிறார், கூலிக்குத்தான். தை மாதம் கரை எப்படி இருக்கிறதோ, நல்லதோ கெட்டதோ, இதே இதழில் எழுதுகிறேன்.